புல்லுக்கு எதுக்கு பாஸ் நீலம்?

வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடுவாங்க, தெரியும். பச்சைப் புல்லுக்கு யாராவது நீலம் போடுவாங்களா?

போடுறாங்க பாஸ்! அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போன சீனியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். வசந்த காலத்தில் ஒருநாள் காலையில் கிளாஸுக்குப் போகும்போது, காம்பஸ் புல்வெளியில் திட்டுத் திட்டாக நீலம் தெரியும். ‘ராத்திரி யாரோ ஹோலி கொண்டாடிட்டுப் போயிட்டாங்க போல’ என்றுதான் தோன்றும். இரண்டு, மூன்று நாளில் அந்த நீலம் காணாமல் போய்விடும். அடுத்த வாரம் பார்த்தால், நீலம் இருந்த இடத்தில் இருந்த களைச் செடிகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு வாடிக் கிடக்கும்.

‘ஓஹோ, நீலம்தான் களையைக் கொன்றுவிட்டது’ என்று நினைத்தால், அங்கேதான் தப்பு. அந்த நீலம் பரம சாது. கொலை செய்தது வேறு ஆள். அந்த ஆள் எங்கெங்கே போனான் என்று காட்டிக் கொடுத்ததுதான் நீலத்தின் வேலை!

தமிழ்நாட்டைவிடப் பெரிய லான்!

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் புல்வெளி என்பது வீட்டு முன்னால் இருக்கும் அழகுப் பொருள் மட்டும் இல்லை. அது கிட்டத்தட்ட ஒரு பயிர். வீடு, பள்ளிக்கூடம், கல்லறை, கோல்ஃப் மைதானம் என்று எல்லா இடத்திலும் இருக்கும் புல்லைக் கணக்குப் போட நாசாவின் ஆய்வாளர் கிறிஸ்டினா மிலேசியும் அவருடைய குழுவும் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு இறங்கினார்கள். 2005-ல் வந்த அவர்களுடைய மதிப்பீடு: சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! யாரும் சாப்பிடாத, யாரும் விற்காத பயிர் இவ்வளவு இடத்தில்.

இந்தப் பயிருக்கு வில்லன்கள் உண்டு. மஞ்சள் பூ பூக்கும் டேன்டிலியன், மூன்று இலை குளோவர், தரையோடு படரும் கிராப் கிராஸ்... நம்ம ஊர் ஆள் ஒருத்தரும் இந்த லிஸ்ட்டில் இருக்கிறார். பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுகிறோமே, அதே அருகம்புல்! அங்கே அதற்குப் பெயர் பெர்முடா கிராஸ். தெற்கு மாநிலங்களில் கோல்ஃப் மைதானத்தில் ஆசை ஆசையாக வளர்ப்பதும் அதைத்தான், வேறு ஜாதிப் புல் நடுவே தலைகாட்டினால் ‘களை’ என்று அடித்து விரட்டுவதும் அதைத்தான். களை என்பது செடியின் குணம் இல்லை பாஸ், அது நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

குளோவர் கதை இன்னும் சோகம். ஒரு காலத்தில் லான் விதைப் பாக்கெட்டிலேயே அதையும் கலந்துதான் விற்றார்கள். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாகத் தரும் நல்ல செடி அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 2,4-டி என்ற களைக்கொல்லி கடைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். சூப்பர்! ஆனால் குளோவருக்கும் அகன்ற இலை. டேன்டிலியனோடு சேர்ந்து அதுவும் செத்தது. மருந்தைத் தாங்காத குளோவர் மெல்ல மெல்லக் களை லிஸ்ட்டில் சேர்க்கப்பட்டது. கூட்டத்தோடு நின்ற பாவத்துக்கு எஃப்.ஐ.ஆர்.!

அடித்தது தெரியலையே!

சரி, நீலம் எங்கே வந்தது?

பாட்டனி படிக்கும் நண்பர்களுக்கு ஆக்சின் தெரியும். செடியை வளரச் சொல்லும் ஹார்மோன். 2,4-டி அந்த ஆக்சின் மாதிரியே வேஷம் போடும். ‘வளரு, வளரு’ என்று கண்டபடி கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். தண்டு முறுக்கும், இலை சுருளும், உள்ளே சாறு போகும் பாதை கெட்டுப்போகும். கடைசியில் செடி காலி. இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. முறுக்கல் தெரியவே ஒன்றிரண்டு நாள் ஆகும், முழுசாகச் சாக ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும்.

மருந்து அடிக்கிறவரின் பிரச்னையே இதுதான். தண்ணீரில் கலந்து அடித்ததும் புல் நனைந்த மாதிரி இருக்கும். வெயிலில் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். காலைப் பனி இருந்தால் எல்லாமே நனைந்த மாதிரிதான் இருக்கும். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு போகிறவர், போன் வந்து ஒரு நிமிஷம் நின்றாலே போச்சு. ‘இந்தச் செடிக்கு அடிச்சேனா, அடிக்கலையா?’ சந்தேகம் வந்துவிட்டால் என்ன செய்வார்? இன்னொரு தடவை அடிப்பார்.

ஒரு குட்டிக் கணக்கு. ஒருமுறை நடந்தால் 1 மீட்டர் அகலத்துக்கு மருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வரிசைக்கு வரும்போது பழைய வரிசையின் ஓரம் தெரியாததால், ஒவ்வொரு தடவையும் 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நடக்கிறார். அப்படியானால் ஒரு நடைக்குப் புதிதாகக் கிடைப்பது 80 சென்டிமீட்டர்தான். மைதானம் முழுக்க முடிக்கும்போது 25 சதவிகிதம் கூடுதல் மருந்து செலவாகியிருக்கும். அதைவிட மோசம், அந்த 20 சென்டிமீட்டர் பட்டைகளில் எல்லாம் டபுள் டோஸ்! களைக்கு மட்டும் என்று வந்த மருந்து புல்லையும் கருக்கிவிடும். மறுபக்கம் தள்ளி நடந்தாலோ, நடுவில் மருந்தே படாத பட்டை. பத்து நாள் கழித்து அங்கே மட்டும் டேன்டிலியன் வரிசை கட்டிச் சிரிக்கும்.

விரல் மை டெக்னிக்

இதற்குத்தான் நீலச் சாயம். டேங்கில் மருந்தோடு கொஞ்சம் ஊற்றிக் கலக்கிவிட்டால் போதும். துளி விழுந்த இடமெல்லாம் நீலம். எங்கே முடித்தோம், எங்கே விட்டோம், ஓரம் எது, எல்லாம் பளிச். நாசில் அடைத்துக்கொண்டால் அந்தக் கோட்டில் மட்டும் நீலம் விழாது, உடனே கண்டுபிடித்துவிடலாம். காற்றில் மருந்து பக்கத்து வீட்டு ரோஜாச் செடிக்குப் பறந்தால், அதையும் நீலம் போட்டுக் கொடுத்துவிடும்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிற மை! ‘இவர் முடிஞ்சாச்சு, அடுத்த ஆள் வாங்க.’ போலியோ சொட்டு மருந்து கொடுத்ததும் குழந்தையின் சுண்டுவிரலில் பேனாவால் ஒரு கோடு போடுவார்களே, அதே லாஜிக்தான். மை ஓட்டுப் போடாது, பேனா போலியோவைத் தடுக்காது. ‘ஏற்கெனவே நடந்தாச்சு’ என்று சொல்வது மட்டும்தான் அவற்றின் வேலை.

ஒரே ஒரு வித்தியாசம். விரல் மை லேசில் அழியக் கூடாது, புல் மை சீக்கிரம் அழிய வேண்டும். நீலப் புல்லை யார் ரசிப்பார்கள்? அதனால் வெயிலில் வெளுத்து, மழையில் கரையும் சாயமாகப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஏன் நீலம்? சிம்பிள். பச்சை, மஞ்சள், பழுப்பு எல்லாம் இலையிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருக்கிறது. நீலத்தில் இலை கிடையாது. அதனால் கண்ணில் சட்டென்று படும்.

கோல்ஃப் மைதானம், பூங்கா, லான் பராமரிப்புக் கம்பெனிகள் என்று இந்தச் சாயத்துக்கு நிறைய வாடிக்கையாளர்கள். காட்டில் வேண்டாத மரத்தை வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்காமல் இருக்க அடிக்கட்டையில் மருந்து பூசுகிறவர்களும் இதைக் கலந்துகொள்கிறார்கள். நூறு கட்டையில் எது முடிந்தது, எது பாக்கி என்று வேறு எப்படித் தெரியும்? பெரிய வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் சாயத்துக்குப் பதில் சோப்பு நுரை மாதிரி ஒன்றை ஓரத்தில் சொட்டவிட்டுக்கொண்டே போவது வழக்கம். இப்போது அந்த வேலையை ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்கிறது.

கையில் ஏன் நீலம்?

இதுவரை புல்லைப் பற்றிப் பேசினோம். இனி ஆளைப் பற்றி.

நீலம் கலந்து அடித்தவர் வேலை முடிந்து குனிந்து பார்த்தால், பூட்ஸில் நீலம், பேண்ட்டில் முழங்கால் வரை நீலம், டேங்க் மூடியைத் திறந்த விரல்களில் நீலம். ‘சே, கறையாயிடுச்சே’ என்று அவர் சாயத்தைத் திட்டலாம். ஆனால், அது என்ன சொல்கிறது தெரியுமா? ‘அண்ணே, நான் வந்த இடத்துக்கெல்லாம் மருந்தும் வந்திருக்கு!’ சாயம் கலக்காத நாளிலும் அதே இடங்களில் மருந்து பட்டிருக்கும். அன்றைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஐடியாவை ஒரு ஆராய்ச்சியாகவே வளர்த்தவர் ரிச்சர்ட் ஃபென்ஸ்கி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1980-களில் அவர் கையில் எடுத்தது சாதாரண வெளிச்சத்தில் தெரியாத, புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் பொருள். அதை டேங்கில் கலந்து தொழிலாளிகளை வழக்கம்போல் வேலை செய்யச் சொல்வது, வேலை முடிந்ததும் இருட்டு அறையில் நிறுத்திப் புற ஊதா விளக்கைப் போடுவது. சுத்தமாக இருக்கிறோம் என்று நினைத்தவர்களின் கழுத்து, முகம், மணிக்கட்டு எல்லாம் மினுங்கும். சட்டைக்கு அடியிலும் மினுக்கல் தெரிந்தது. துணி போட்டிருந்தால் போதும் என்ற நம்பிக்கை காலி. மருந்து அடிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் இந்த முறை பயன்பட்டது. ‘க்ளவுஸ் போடுங்க’ என்று நூறு தடவை சொல்வதும், தன் முகம் மினுங்குவதைத் தானே கண்ணாடியில் பார்ப்பதும் ஒன்றா?

நிறம் போனால்..?

இங்கேதான் கதை சீரியஸாகிறது. சாயம் ‘இங்கே மருந்து இருக்கு’ என்று சொல்லும். ஆனால் சாயம் போய்விட்டால் ‘இங்கே மருந்து இல்லை’ என்று அர்த்தமா?

இல்லை. இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் இராக். வருஷம் 1971.

வறட்சியால் தவித்த இராக், கோதுமை விதையை வெளிநாட்டிலிருந்து பெரிய அளவில் இறக்குமதி செய்தது. விதை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மெத்தில் மெர்க்குரி, அதாவது பாதரசக் கலவை பூசப்பட்டிருந்தது. விதைக்க மட்டும், சாப்பிட அல்ல. அதைத் தெரியப்படுத்தத்தான் இளஞ்சிவப்புச் சாயமும் சேர்த்திருந்தார்கள். மூட்டையில் எச்சரிக்கையும் இருந்தது, கிராமத்து மக்களுக்குப் புரியாத அந்நிய மொழியில். பல இடங்களில் விதைப்புக் காலம் முடிந்த பிறகுதான் மூட்டை வந்து சேர்ந்தது. வீட்டில் பசி.

மக்கள் கோதுமையைக் கழுவினார்கள். சிவப்புச் சாயம் தண்ணீரோடு போனது. ‘விஷம் போயிடுச்சு’ என்று நம்பி, அரைத்து, ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். ஆனால், சாயம் போனதே தவிர பாதரசம் போகவில்லை. உடம்பில் அது வேலையைக் காட்ட வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். இது பதிவான கணக்கு மட்டும்.

புல்வெளி மருந்து பாதரசம் அல்ல, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஏமாறுகிற விதம் ஒன்றுதான். சாயத்துக்கு ஒரு டைம்டேபிள், மருந்துக்கு வேறு டைம்டேபிள். ஒரு மழையில் நீலம் கரைந்துவிடும். 2,4-டி மண்ணில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ‘தெளித்தது காயும் வரை ஆட்களும் செல்லப் பிராணிகளும் கால் வைக்கக் கூடாது’ என்பது மாதிரி லேபிளில் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டியது அதைத்தான். வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது, நீலம் மட்டும்தான் தெரியும். நீலம் போய்விட்டால் அதுவும் தெரியாது.

மருந்து பட்ட இடத்தைச் சாயம் காட்டும். பட்ட பிறகு உடம்புக்குள் என்ன ஆகும் என்று அது சொல்லாது. 2018-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பள்ளி மைதானங்களில் கிளைஃபோசேட் களைக்கொல்லி அடித்துவந்த பராமரிப்பாளர் ஒருவர், தனக்குப் புற்றுநோய் வர அதுதான் காரணம் என்று மான்சான்டோ கம்பெனி மீது வழக்குப் போட்டார். ஜூரி அவர் பக்கம் நின்று 28.9 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீடுகளில் அது சுமார் 2 கோடி டாலராகக் குறைந்தது. விஞ்ஞானிகள் மத்தியிலும் ஒரே கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் ‘வாய்ப்பில்லை’ என்றது. 2022-ல் நீதிமன்றம் அந்த முடிவின் உடல்நலம் பற்றிய பகுதியை ரத்து செய்தது.

அடிக்கத்தான் வேணுமா?

எங்கே அடித்தோம் என்பதைவிட, எதற்கு அடிக்கிறோம் என்று கேட்ட ஊரும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர், 1980-களின் நடுவிலிருந்து ஊர்க் கூட்டம் தவறாமல் போய், ‘அழகுக்காக ஏன் விஷம் அடிக்கிறோம்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1991-ல் ஹட்சன், அழகுக்காக மட்டும் பூச்சி, களை மருந்து அடிப்பதைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. லான் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2001-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2003-ல் கியூபெக் மாகாணமும், 2009-ல் ஒன்டாரியோ மாகாணமும் சட்டம் போட்டன. ஒரு டாக்டரம்மாவின் விடாப்பிடி!

நம்ம வீட்டு டேங்க்

‘எங்க ஊர்ல லானும் இல்லை, கோல்ஃபும் இல்லை. எனக்கென்ன?’ என்கிறீர்களா? லீவுக்கு ஊருக்குப் போகும்போது கவனியுங்கள். அப்பாவோ மாமாவோ பருத்திக்கோ நெல்லுக்கோ மருந்து அடித்துவிட்டு வருவார். லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, மூக்கில் ஒரு துண்டு. அவர் காலில் நீலம் இருக்காது. அதனால் மருந்தும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு நீங்கள் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நம் நாட்டிலும் மருந்து டப்பாவில் நிறம் பேசுகிறது! 1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, ஒவ்வொரு டப்பாவிலும் டைமண்ட் வடிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அடுத்த நிலை. நீலம் என்றால் மிதமான விஷம். பச்சை என்றால்? ‘பாதுகாப்பானது’ என்று நினைத்தால் தப்பு. குறைந்த விஷம், அவ்வளவுதான். டிராஃபிக் சிக்னலில் பச்சை விழுந்தால் போகலாம். இந்தப் பச்சைக்குக் க்ளவுஸ் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போனதும் அந்த டப்பாவைத் தேடி எடுத்து, டைமண்டைப் பார்த்து, லேபிளில் இருக்கிற பொடி எழுத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். காலேஜ் படிக்க வைத்த காசுக்கு உடனடி ரிட்டர்ன்!

* * *

நீங்களே டெஸ்ட் பண்ணலாம்!

அக்ரி மாணவர்களுக்கும் வீட்டில் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கும். மருந்தே படாத, நன்றாகக் கழுவிய ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் சொட்டு நீலம் கலக்குங்கள். தரையில் பழைய நியூஸ் பேப்பரை வரிசையாக விரித்து, வழக்கமாக நடக்கும் வேகத்தில் அடித்துக்கொண்டே நடங்கள். எங்கே திட்டாக விழுகிறது, எங்கே விட்டுப்போகிறது, நாசில் ஒழுங்கா, உங்கள் செருப்பில் எவ்வளவு தெறிக்கிறது... எல்லாம் நீலத்தில் எழுதியிருக்கும். க்ளவுஸ் மறக்காதீங்க.

* * *

நீலம்... இன்னும் இரண்டு!

குளத்துக்குக் கூலிங் கிளாஸ்: அலங்காரக் குளங்களில் பாசி படராமல் இருக்க நீலச் சாயம் கலப்பது உண்டு. இங்கே சாயம் வெறும் அடையாளம் இல்லை, அதுவேதான் ஆயுதம். தண்ணீருக்குள் இறங்கும் வெளிச்சத்தைத் தடுத்துவிடும். ஒளிச்சேர்க்கை நடக்காமல் பாசி பட்டினி கிடக்கும். இதற்குப் பயன்படும் ஒரு சாயத்தின் சொந்தக்காரர்தான், மிட்டாய்க்கு நீலம் தரும் பிரில்லியன்ட் ப்ளூ!

‘குடிக்காதே’ நீலம்: பாராகுவாட் என்ற களைக்கொல்லி பார்க்க கோலா மாதிரி பழுப்பாக இருந்தது. கூல்டிரிங் பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் குடித்து உயிர் போன சம்பவங்கள் நடந்தன. பிறகுதான் அதில் நீலச் சாயமும், குமட்டும் நாற்றமும் சேர்த்தார்கள். எந்த மருந்தையும் கூல்டிரிங் பாட்டிலில் ஊற்றி வைக்காதீங்க, ப்ளீஸ்.